கோர்சிகாவில் மலையேறுவதே சுலபம்

பிரான்சைச் சேர்ந்த கோர்சிகாத் தீவைச் சைக்கிளில் சுற்றலாம் என்று வரைபடத்தை விரிக்கிற எவருக்கும் முதலில் ஒரு யோசனை தோன்றும். நடுவில் மலை, ஓரத்தில் கடல். மலைப்பக்கம் எதற்கு வம்பு, கடலையொட்டியே போய்விடுவோம், கால் பிழைக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த யோசனையோடு மேற்குக் கரையில் இறங்குகிறவர்கள் இரண்டாம் நாள் மாலைக்குள் வேறு மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே ஆளை வாட்டி எடுப்பது கடலோரச் சாலை. 1,478 மீட்டர் உயரக் கணவாய்க்கு ஏறிப் போகும் மலைச்சாலை அதைவிடச் சாது. ஏன் அப்படி என்பது ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. இன்னொரு டீயும் சேர்த்தே சொல்லிவையுங்கள்.

தீவு வடக்குத் தெற்காக 183 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக, அகலமான இடத்தில்கூட 83தான். இந்தச் சின்ன இடத்துக்குள் 2,706 மீட்டர் உயரத்தில் மோந்தே சிந்தோ என்ற சிகரம் நிற்கிறது. அங்கிருந்து கடல் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தீவின் சராசரி உயரமே 568 மீட்டர். அப்படியென்றால் அந்த மலை கடலுக்குள் எப்படி இறங்குகிறது என்று கேட்க வேண்டும். கிழக்கே ஒரு விதமாக இறங்குகிறது, மேற்கே வேறு விதமாக. சைக்கிள்காரர்களின் சங்கதி முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

வலது கையை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். விரல்களை நன்றாக விரித்து, நுனிகள் இடப்பக்கம் பார்க்கும்படி. மணிக்கட்டு இருக்கும் பக்கம் நடுமலை. விரல்கள் மேற்கு நோக்கிக் கடலுக்குள் நீளும் மலைக்கிளைகள். விரல் இடுக்குகளில் கடல். இடுக்குகள் நான்கு. மேற்குக் கரையின் பெரிய வளைகுடாக்களும் நான்கு: வடக்கிலிருந்து போர்த்தோ, சகோன், அஜாக்ஸியோ, வலின்கோ. நடுமலையிலிருந்து மேற்கே ஓடிய ஆறுகள் கருங்கல்லை அறுத்து ஆழமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. கடைசிப் பனியுகத்தின்போது கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது அந்தப் பள்ளத்தாக்குகளின் அடிப்பகுதிக்குள் தண்ணீர் புகுந்துகொண்டது. இடையில் இருந்த மலைமுதுகுகள் முனைகளாக நீட்டிக்கொண்டு நின்றுவிட்டன. கிழக்கே ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் படிந்து ஒரு சமவெளியே உருவாகிவிட்டது. அங்கே சாலை நேர்; ஏற்ற இறக்கம் கிடையாது. லாரியும் காரும் சீறிப் பறக்கின்றன, பார்க்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. சைக்கிளில் போகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் தவிர்ப்பது அதனால்தான்.

இப்போது இடது கை ஆள்காட்டி விரலைச் சைக்கிளாக்கி, வலது கையின் ஒரு இடுக்கிலிருந்து அடுத்த இடுக்குக்குப் போய்ப் பாருங்கள். ஒரு விரலின்மேல் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கியதும் அடுத்த விரல். பெரிய விரலுக்குள்ளும் சின்னச் சின்ன ஓடைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு இறக்கம், ஒரு ஏற்றம்.

சாலையைத் தண்ணீர் ஓரமாகவே போட்டிருக்கக் கூடாதா என்றால், பல இடங்களில் பாறை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் பயம். தீவு ஜெனோவாக்காரர்களின் ஆட்சியில் இருந்த 16-ஆம் நூற்றாண்டில், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கடற்கொள்ளையர்கள் கரையோர ஊர்களில் புகுந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய் அடிமைகளாக விற்றார்கள். கரை நெடுக இன்றும் நிற்கும் வட்டமான கல்கோபுரங்கள் அந்தக் காலத்துக் காவல். கப்பல் கண்ணில் பட்டதும் உச்சியில் தீ மூட்டுவார்கள். அடுத்த கோபுரத்தில் பார்த்து அவர்களும் மூட்டுவார்கள். இது போதாதென்று தாழ்நிலங்களில் மலேரியா. கிழக்குச் சமவெளியில் இரண்டாம் உலகப் போரின் கடைசியில் அமெரிக்க ராணுவம் டி.டி.டி. தெளித்த பிறகுதான் அது அடங்கியது. ஆகவே ஜனங்கள் மேட்டில் குடியிருந்தார்கள். ஊர் மலைச்சரிவில், படகு கட்டும் துறை மட்டும் கீழே கடலில். பிறகு சாலை போட்டவர்கள் ஊரையும் ஊரையும் இணைத்தார்கள். கடற்கரையோடு கடற்கரையை இணைக்கவில்லை. பியானா என்ற ஊர் கடலைப் பார்த்தபடி 438 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வரைபடத்தில் அதுவும் கடலோர ஊர்தான்!

வடமேற்கில் உள்ள கால்வியிலிருந்து போர்த்தோ வரை கடலோரமாக எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். சமதரையில் அரை நாள் வேலை. கிளம்பியதும் கலேரியா வரையில் முனைகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறி இறங்கும் சாலை. நிழலுக்கு மரம் கிடையாது, இருப்பதெல்லாம் இடுப்புயரப் புதர்க்காடு. ஃபாங்கோ ஆற்றைத் தாண்டியதும் பால்மரெல்லா மேடு, 408 மீட்டர். மறுபக்கம் இறங்கி மறுபடி ஏறினால் குருசு மேடு. அங்கிருந்து கீழே ஜிரோலாத்தா தெரியும். அந்த ஊருக்கு இன்றுவரை சாலை இல்லை. படகில் போகலாம், அல்லது காலால் நடக்கலாம். பிறகு இன்னும் சில மடிப்புகள். கடைசியில் போர்த்தோ வரும்போது மொத்தம் ஏறியது ஆயிரம் மீட்டரைத் தாண்டியிருக்கும். ஆனால் எந்த இடத்திலும் ‘ஒரு மலை ஏறினேன்’ என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதுதான் எரிச்சல்.

ஏறும்போது விட்டதை இறங்கும்போது பிடித்துவிடலாமே என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் ஏற்றம், ஒரு கிலோமீட்டர் இறக்கம். ஏறும் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர், இறங்கும் வேகம் 40. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 25 என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஏற ஆறு நிமிடம், இறங்க ஒன்றரை நிமிடம். இரண்டு கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 16தான். அதே ஆள் சமதரையில் 20-ல் நிதானமாக உருட்டிக்கொண்டு ஆறு நிமிடத்தில் முடித்திருப்பார். ஏற்றத்தில் நேரம் அதிகம் போகிறது, அதனால் சராசரியை ஏற்றமே தீர்மானிக்கிறது. அந்த 40-கூடத் தாராளமான கணக்கு. மேற்குக் கரையில் இருநூறு மீட்டர் நேராக இறங்குவதற்குள் ஒரு வளைவு வந்துவிடும். பிரேக் பிடித்தாக வேண்டும். வியர்வை சிந்திச் சம்பாதித்த உயரம் பிரேக் கட்டையின் சூடாகப் போய்விடும். இறங்கி முடிந்தால் கால் ஆறியிருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. அடுத்த ஏற்றம் தயாராக நிற்கிறது.

2013-இல் டூர் தி பிரான்ஸ் தன் நூறாவது பந்தயத்தைக் கோர்சிகாவில்தான் தொடங்கியது. அதுவரை அந்தப் பந்தயம் தீவில் கால் வைத்ததில்லை. மூன்றாம் நாள் கட்டம் அஜாக்ஸியோவிலிருந்து கால்வி வரை, 145.5 கிலோமீட்டர், போர்த்தோவைத் தாண்டியபின் பெரும்பாலும் நான் மேலே சொன்ன சாலையில் எதிர்த்திசையில். கடைசியில் ஆஸ்திரேலியாவின் சைமன் ஜெரான்ஸ், பீட்டர் சகானை மயிரிழையில் முந்தினார். பந்தயக்காரர்களுக்கு அது ஒரு பிற்பகல். கேரியரின் இரண்டு பக்கமும் பை கட்டிக்கொண்டு போகிறவர்கள் அதை இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

இனி மலைப்பக்கம் வருவோம். போர்த்தோவில் கடல்மட்டத்தில் தொடங்கி, எவிசா என்ற ஊர் வழியாக வெர்ஜியோ கணவாய் வரை சுமார் 34 கிலோமீட்டர் ஏற்றம். கோர்சிகாவில் தார்ச்சாலை போகும் கணவாய்களில் உயரமானது இதுதான். 1,478 மீட்டரை 34 கிலோமீட்டரில் ஏறுகிறோம் என்றால் நூறு மீட்டருக்கு நாலரை மீட்டர்கூட இல்லை. இத்தனை பெரிய மலைக்கு இவ்வளவு சாதுவான சரிவு எப்படி வந்தது?

மரம் இழுக்க வந்தது. மேலே ஐத்தோன் காடு, அதையடுத்து வால்து நியெல்லு காடு. அங்கே லாரிசியோ என்ற பைன் மரம் கம்பம் போல நேராக, மிக உயரமாக வளர்கிறது. ஜெனோவாக்காரர்கள் அதைக் கப்பலின் பாய்மரத்துக்கு வெட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், தீவின் காடுகளிலிருந்து மரத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர வனச்சாலைகள் போட்டார்கள். பெரிய கட்டையை ஏற்றிய வண்டி செங்குத்தான இறக்கத்தில் மாட்டையும் தள்ளிக்கொண்டு பள்ளத்தில் விழுந்துவிடும். அதனால் சரிவு மெதுவாக இருக்க வேண்டும், எங்கும் ஒரே சீராகவும் இருக்க வேண்டும். மலையை வளைத்து வளைத்து நீளத்தைக் கூட்டிச் சாலை போட்டார்கள். ஆங்கிலேய ஓவியர் எட்வர்ட் லியர் 1868-இல் குதிரை வண்டியில் தீவைச் சுற்றிவந்து படம் வரைந்தார். அந்தப் பயணக் குறிப்பை 1870-இல் புத்தகமாகப் போட்டார். வண்டிமாட்டுக்கும் குதிரைக்கும் தோதாகப் போட்ட சரிவு மனிதக் காலுக்கும் தோதாகிவிட்டது. மிதிக்கிற ஆளும் ஒரு சுமை வண்டிதானே.

சீரான ஏற்றத்தின் சுகம் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஒரு கியர், ஒரு மூச்சு, ஒரு வேகம். அரை மணி நேரத்தில் உடம்பு அதற்குப் பழகிவிடும். ஆள், சைக்கிள், பைகள் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். பழக்கமுள்ள ஒருவர் பெடலில் 150 வாட் அளவுக்கு விடாமல் கொடுக்க முடியும். அதைக் கொண்டு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 500 மீட்டர் உயரலாம். வெர்ஜியோவுக்கு மூன்று மணி நேரம், நிற்கிற நேரம் தனி. கடலோரத்தில் நான்கு சதவீதம், திடீரென ஒன்பது, உடனே இறக்கம் என்று மாறிக்கொண்டே இருக்கும். மொத்த உயரம் வெர்ஜியோவைவிடக் குறைவுதான். இருந்தும் களைப்பு அதிகம். ஒவ்வொரு செங்குத்திலும் 150 வாட்டைத் தாண்டி 250 வரை போய்விடுகிறோம். அந்த மாதிரி முறுக்குகளைத்தான் தொடை மறக்க மாட்டேன் என்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்று திட்டம் போடாமல் எவ்வளவு உயரம் என்று போட வேண்டும் என்பது இதனால்தான். சுமையோடு முதல் வாரத்தில் ஆயிரம் மீட்டர் என்றால் சாயங்காலம் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்காரலாம்.

கியர் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பத்து சதவீதச் சரிவில் மேலே சொன்ன ஆளின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் ஆகிவிடும். முன்னால் செயின் வீலில் 34 பல், பின்னால் 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்று சுற்ற, சக்கரமும் ஒரு சுற்று, சுமார் 2.1 மீட்டர். அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 40 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியிலும் முட்டி கதறும். முன்னால் 26, பின்னால் 36 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர். நிமிடத்துக்கு 55 சுற்று. வேலை அதேதான், சின்னச் சின்னப் பங்காகப் பிரிந்துவிடுகிறது. சைக்கிள் வாங்கும்போது கடைக்காரர் எத்தனை கியர் என்று பெருமையாகச் சொல்வார். அது முக்கியமில்லை. எல்லாவற்றிலும் சின்ன கியர் எவ்வளவு சின்னது என்று கேளுங்கள்.

இதற்காக ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார். செந்த் எத்தியேன் நகரத்துப் பால் தெ விவி, 1853 முதல் 1930 வரை வாழ்ந்தவர், வெலோசியோ என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தியவர். ஈஸ்டர் விடுமுறைக்குக் கூட்டாளிகளோடு தெற்கே புரோவான்ஸ் வரை மிதித்துப் போவது அவர் வழக்கம். மலையேற ஒரே பல்சக்கரம் போதாது, கியர் மாற்றும் வசதி வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். டூர் தி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சுக்கு அது பிடிக்கவில்லை. கியர் மாற்றுவது கிழவர்களுக்கு என்பது அவர் கட்சி. டூரில் கியர் மாற்றும் கருவியைப் பந்தயக்காரர்களுக்கு அனுமதித்தது 1937-இல்தான். அதைப் பார்க்க வெலோசியோ இல்லை. பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி என்பதும் அவர் சொல்லிவைத்த விதிகளில் சேர்ந்தது. வெர்ஜியோ ஏற்றத்துக்கு உடம்பு 1,500 கலோரி வரை எரிக்கும். அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடாகப் போகிறது. ஏறும்போது எதிர்க்காற்றும் இல்லாததால் வியர்வை ஒன்றுதான் வழி. தண்ணீர் குறைந்தால் கால் அல்ல, தலை முதலில் கிறுகிறுக்கும்.

தண்ணீர் விஷயத்திலும் மலைதான் தாராளம். கடலோரத்தில் வெயிலும் உப்புக்காற்றும் மட்டும். கடைக்கும் கடைக்கும் இடையே தூரம் அதிகம். மலையூர்களில் ஊற்று நீர் குழாயில் விழுந்துகொண்டே இருக்கும். எவிசாவைச் சுற்றி, 830 மீட்டரில், கஷ்கொட்டை மரங்களின் நிழல் தொடங்கும். 1584-இல் ஜெனோவா ஆட்சி, நிலம் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் ஆண்டுக்கு நான்கு மரம் நட வேண்டும் என்று ஆணையிட்டது. கஷ்கொட்டையும் அதில் ஒன்று. தானியம் விளையாத மலையில் அந்தக் கொட்டை மாவுதான் பல தலைமுறைக்குச் சோறு. இன்று அதன் கீழே அவிழ்த்துவிட்ட பன்றிகள் மேய்கின்றன. மேய்வது மட்டுமல்ல, சாலையின் நடுவில் படுத்தும் கிடக்கும், பசுக்களும் அப்படியே. இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பன்றி உண்டு என்று நினைத்துக்கொண்டே திரும்புவது உத்தமம். உயரம் கூடக் கூடக் குளிரும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி கணக்கில், கணவாய் உச்சியில் போர்த்தோவைவிட ஒன்பதரை டிகிரி குறைவு. வியர்த்த சட்டையோடு அப்படியே இறங்காமல் மேலே ஒரு காற்றுத்தடுப்புச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த இறக்கத்தைப் பற்றி ஒரு கணக்கு. 100 கிலோ எடை 1,478 மீட்டர் இறங்கும்போது விடுகிற ஆற்றல் முழுவதையும் சூடாக மாற்றினால் நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். நாற்பது பேருக்கு டீ. பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும் என்றாலும், பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் கணிசமான பங்கு சக்கர விளிம்புக்குப் போகும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளைவில் விட்டு, மறுபடி பிடிப்பதுதான் முறை.

காற்றையும் மலையும் கடலும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. மேற்குக் கரைக்குத் தென்மேற்கிலிருந்து லிபெச்சியு என்ற காற்று வரும். மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்பது சுமையுள்ள சைக்கிளுக்கு நாலரை சதவீத ஏற்றத்துக்குச் சமம். முனையைச் சுற்றும்போது முதுகில் தள்ளுகிற காற்று அடுத்த வளைவில் முகத்தில் அறையும். காலையில் அநேகமாகக் காற்று படிந்திருக்கும். பகல் ஏறக் கடல்காற்று எழும்பும். கடலோரச் சாலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

பருவம் என்று பார்த்தால் மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். காட்டுத்தீ பயத்தில் சில காடுகளை மூடிவைப்பதும் உண்டு. 2022 ஆகஸ்ட் 18 அன்று காலை மேற்குக் கரையில் அடித்த புயலில் காற்று மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது முன்னறிவிப்பு இல்லாமல் வந்தது.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதில் சண்டையே நடக்கும். அங்கே வாகனங்கள் வலப்பக்கம் போகின்றன. ஆகவே மேற்குக் கரையில் வடக்கிலிருந்து தெற்கே போனால் நீங்கள் கடல் ஓரம். காட்சி உங்களுக்கு, முட்டளவுத் தடுப்புச்சுவரும் அதற்கப்பால் நூறு மீட்டர் பள்ளமும் உங்களுக்கே. தெற்கிலிருந்து வடக்கே போனால் மலையோரம், பத்திரம், ஆனால் கடலைக் கார்களின் மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். என் ஓட்டு வடக்கிலிருந்து தெற்குக்கு. போர்த்தோ வந்ததும் உடனே வெர்ஜியோவுக்குத் திரும்பிவிடாமல், தெற்கே பியானாவுக்கு ஏறுங்கள். இடையில் கலாங்கே என்ற சிவப்புக் கருங்கல் பாறைக்கூட்டம், 1983 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம். சாலை பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகிறது. இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். சாயங்காலம் ஏறினால் மேற்கு வெயில் பாறைமேல் விழும், கூட்டமும் கலைந்திருக்கும். பியானாவில் தங்கி, மறுநாள் எட்டு மணிக்கு முன்னால் அதே வழியில் மலையோரமாக இறங்கினால் ஒரு பஸ்கூட எதிர்ப்படாமல் போர்த்தோ போய்ச் சேரலாம். அங்கே பாட்டில்களை நிரப்பிக்கொண்டு வெர்ஜியோவுக்கு மிதிக்க ஆரம்பிக்க வேண்டியதுதான்.